எல்லாரும் ஒரே குரலில் பேசும் நாவல்

இந்த இணைய விவாத இழையைத் தொடங்கிய வாசகர் கேட்டது:

"பிடித்த எழுத்தாளர் முன்போல எழுதுவதில்லை என்று ஆளாளுக்கு வருத்தப்படுகிறீர்கள். முப்பது வயதில் எழுதியதை அறுபத்தைந்தில் எப்படி எழுத முடியும்? ஊற்று வற்றுவது இயற்கை. கொடுத்த வரைக்கும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த எழுத்தாளரிடம் போகவேண்டியதுதானே? இதில் ஏமாற என்ன இருக்கிறது?"

ஜனவரி 14, 2025

வற்றிப்போனவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. வற்றினால் எழுதாமல் இருப்பார், நாமும் பழைய நாவல்களைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கலாம். என் எழுத்தாளர் முன்பைவிட அதிகம் எழுதுகிறார். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. அதற்கு முந்தைய வாரமே அவருடைய புதிய நாவலை வாங்கிவிட்டேன். தொள்ளாயிரம் பக்கத்தைத் தொடுகிறது. பொங்கல் விடுமுறைக்கு என்று எடுத்துவைத்து, பொறுக்கமுடியாமல் முன்பே ஆரம்பித்து, நேற்று இரவு முடித்தேன். முடித்ததிலிருந்து மனசு சரியில்லை.

பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் இங்கே பேச்சு அவருடைய கட்சி, அவர் வாங்கிய விருது, வாங்காத விருது என்று போய்விடும். நாவல்களைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன்.

அவருடைய முதல் நாவலின் நாயகன் ஒரு ரேஷன் கடை எடையாளர். வியாசர்பாடி. எண்பதுகளின் பிற்பகுதி. நான் அந்தத் தெருக்களில் வளர்ந்தவள். பாமாயில் வந்திருக்கிறது என்று ஒரு குரல் கேட்டால் போதும், அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கார்டையும் பாத்திரத்தையும் என் கையில் திணித்து ஓடச்சொல்வார். என் சித்தப்பாவே அப்படி ஒரு கடையில் எடையாளராக இருந்தார். கல்லூரிக்குப் போகும் வயதில் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் அட்டை கிழிந்த பிரதியாக அந்த நாவல் கிடைத்தது. எங்கள் தெருவை அச்சில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அதில் ஒரு கிழவி வருவாள். சர்க்கரை எடை குறைகிறது என்பாள். எடையாளன் இல்லை என்பான். தெருவே கூடிவிடும். கடைசியில் அவள் சர்க்கரையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுவாள். எடை குறைந்ததா இல்லையா என்று நாவல் முடியும்வரைக்கும் நமக்குத் தெரியாது. அவன் சில நாள் எடையில் கைவைக்கிறவன்தான், அது முன்பே தெரியும். கிடங்கிலிருந்து வரும் மூட்டை குறைவாக வருவதும், அந்தக் குறைவுக்குக் கடைக்காரன்தான் பதில் சொல்லவேண்டும் என்பதும் தெரியும். கிழவி வாய்க்கு அஞ்சாதவள், பொய்யும் சொல்வாள் என்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்த பிறகும் யார் பக்கம் நிற்பது என்று நமக்குப் புரியாது. மறு மாதம் அவளே வந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி இரண்டு மாத சர்க்கரையையும் கேட்பாள். அவனும் எடுத்துக் கொடுப்பான்.

புதிய நாவலிலும் ஒரு ரேஷன் கடை இருக்கிறது. அதற்கு ஒரு பெண் வருகிறாள். வரிசையில் நின்றபடி மக்கள்நல அரசைப் பற்றி இரண்டரைப் பக்கம் பேசுகிறாள். யாரும் குறுக்கே பேசவில்லை, பின்னால் நிற்கிறவர்கள் தள்ளவில்லை, பில் போடுகிறவர் அவசரப்படுத்தவில்லை. ரேஷன் வரிசையில் இரண்டு நிமிடம் நின்றவர்களுக்கே தெரியும், அங்கே ஒருவர் அரை வாக்கியம் முடிப்பதற்குள் நான்கு பேர் பதில் சொல்லியிருப்பார்கள்.

ஆட்டோக்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி, கல்லூரிப் பெண், அவளுடைய பாட்டி எல்லாரும் அதே நீளமான வாக்கியத்தில்தான் பேசுகிறார்கள். எல்லாரும் எழுத்தாளர் மேடையில் பேசுவதைத்தான் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுகளை நான் நேரில் கேட்டிருக்கிறேன், அடுத்த வரி என்ன வரும் என்று எனக்கே தெரிகிறது.

ஜனவரி 14, இரவு

கருத்து முக்கியம் இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய கருத்துகளில் முக்கால்வாசி என்னுடையவையும்தான். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஜனவரி 15

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்த ரேஷன் கடைக் காட்சி 2014-இல் நடப்பதாக நாவலே சொல்கிறது. அதில் அந்தப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அரிசிக்குக் காசு எண்ணிக் கொடுக்கிறாள். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் 1 முதல் அரிசி அட்டைக்காரர்களுக்கு இலவசம். 2014-இல் எந்தக் கடையிலும் அரிசிக்கு யாரும் காசு எண்ணவில்லை.

சித்தப்பா இப்போது மாதவரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். போனில் அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன். "அரிசிக்குக் காசா? எந்த ஊர்லம்மா?" என்றார்.

ஜனவரி 15, மாலை

"அவள் வைத்திருப்பது சர்க்கரை அட்டையாக இருக்கலாமே?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, நானும் அதை யோசித்தேன். சர்க்கரை அட்டைக்கு அரிசியே கிடையாது. அரிசிக்குப் பதிலாகச் சர்க்கரை கூடுதலாக வாங்கிக்கொள்கிறவர்களின் அட்டை அது. அந்த அட்டை வைத்திருந்தால் அரிசி மூட்டைப் பக்கம் அவளுக்கு வேலையே இல்லை.

ஒரு தகவல் பிழையை வைத்துக்கொண்டு இவ்வளவு பேச வேண்டுமா என்று இன்னொருவர். வேண்டும். அவர் மன்னர் காலத்துக் கதை எழுதி அதில் தேதி தவறியிருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். இது அவருடைய சொந்த மண். முதல் நாவலில் எடைக்கல்லைப் பற்றியும், எடையை ஏமாற்றத் தட்டுக்கு அடியில் ஒட்டும் புளியைப் பற்றியும், சாக்கு உதறுவதைப் பற்றியும் எழுதியது ஒன்றுகூடத் தப்பில்லை. சித்தப்பா தன் வாழ்நாளில் முழுதாகப் படித்த ஒரே நாவல் அது. படித்துவிட்டு, "புளி ஒட்றதையும் எழுதிட்டான், மூட்டை குறைச்சலா வர்றதையும் எழுதிட்டான், அதான் நியாயம்" என்றார். அந்த ஒரு வரி விமர்சனத்துக்கு மேல் எந்த விருது வேண்டும்?

2014-இல் ரேஷன் கடைக்குப் போயிருந்தால் அவருக்குப் பழைய அட்டையில் வருஷா வருஷம் உள்தாள் ஒட்டிய கதை கிடைத்திருக்கும். 2005-இல் கொடுத்த அட்டை, ஐந்து வருடத்தில் மாற்றியிருக்கவேண்டியது, 2017-இல் ஸ்மார்ட் கார்டு வரும்வரை தாள் ஒட்டி ஒட்டியே ஓடியது. அந்தத் தாளுக்காக நின்ற வரிசைகளில் எத்தனை நாவல் இருந்தது! அவர் வந்து நிற்கவில்லை.

ஜனவரி 17

வயது பற்றிய பேச்சுக்கு வருகிறேன். இழையைத் தொடங்கியவரின் வாதத்தில் எனக்கு ஒப்பாதது இதுதான்.

கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976-இல் வந்தது. அப்போது அவர் ஐம்பதைத் தாண்டிவிட்டார். 2021-இல் இறக்கும்வரை, தொண்ணூறுகளின் பிற்பகுதி வயதிலும், எழுதிக்கொண்டிருந்தார். பூமணியின் முதல் நாவல் 'பிறகு' 1979. 'அஞ்ஞாடி' 2012-இல் வந்தபோது அவருக்கு அறுபத்தைந்து வயது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் நாவல், 2014-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பெரிய நாவல் என்றாலே வளவளப்பு என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறாரே, அவருக்கும் இதுதான் பதில். 'அஞ்ஞாடி'யில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் வாய் இன்னொருவருக்கு இல்லை.

அசோகமித்திரன் எண்பது கடந்தும் எழுதினார். 2017-இல் இறந்தபோது அவருக்கு எண்பத்தைந்து. கடைசிக் காலக் கதைகள் எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சில கதைகள் இரண்டு பக்கத்தில் ஏதோ குறிப்பு மாதிரி நின்றுவிடும். ஆனால் எந்தக் கதையிலும் அவர் நம்மைக் கூப்பிட்டு உட்காரவைத்து உபதேசம் செய்யவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர் பஸ்ஸுக்குத்தான் நிற்பார்.

ஆகவே வயதைக் குறை சொல்லாதீர்கள்.

ஜனவரி 18

வயதானவரின் எழுத்து மூளைச் சோர்வால் மங்கலாம் என்று மருத்துவத் துறையில் இருக்கும் ஒரு வாசகர் எழுதியிருப்பதை மரியாதையோடு படித்தேன். ஆங்கில நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக் உதாரணம் எனக்கும் தெரியும். 1995-இல் வந்த அவருடைய கடைசி நாவலையும் பழைய நாவல்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். கடைசி நாவலில் சொல்வளம் குறைந்திருந்தது. அவருக்கு அல்சைமர் நோய் கண்டறியப்பட்டது அந்த நாவல் வெளிவந்த பிறகுதான். அப்படி ஒரு நோயின் நிழல் என்றால் அதில் ஏமாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை, பரிவு மட்டும்தான்.

என் எழுத்தாளருக்கு அப்படி எதுவும் இல்லை. சொல்வளம் கூடியிருக்கிறது. வாக்கியங்கள் அழகாகியிருக்கின்றன. முதல் நாவலில் இவ்வளவு நல்ல வருணனை ஒன்றுகூடக் கிடையாது.

ஜனவரி 19

ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து முதல் நாவலை மறுபடி படித்தேன். நான்தான் மாறிவிட்டேனோ என்ற சந்தேகம் எனக்குள்ளேயே இருந்தது. இங்கேயும் பலர் அதையே கேட்டிருந்தீர்கள். பதினெட்டு வயதில் படித்த எதுவும் பெரிதாகத்தான் தெரியும், இப்போது புதிதாகப் படித்தால் அதுவும் சுமாராக இருக்கும் என்று.

சுமாராக இல்லை. சறுக்கும் இடங்கள் இருக்கின்றன. எடையாளனின் காதல் பகுதி அந்தக் காலத்துத் தொடர்கதை வாசனை அடிக்கிறது. கடைசி அத்தியாயம் அவசரம். கூட்டுறவுச் சங்க அதிகாரியாக வருகிறவர் அட்டையில் வெட்டிய வில்லன் மாதிரி இருக்கிறார், அவர் வாயைத் திறந்தாலே இப்போதைய எழுத்தாளரின் குரல் லேசாகக் கேட்கிறது. அதாவது அந்த விதை அன்றே இருந்திருக்கிறது. ஆனால் அந்த அதிகாரிக்கு ஒரு காட்சியில் அந்தக் கிழவியே பதில் கொடுக்கிறாள். அவர் நியாயமாகத்தான் பேசுகிறார், அவளிடம் சரியான பதில் இல்லை. "அதெல்லாம் இருக்கட்டும், எங்க வீட்ல இன்னிக்கு என்னா பண்றது?" என்று கேட்கிறாள். அதிகாரி வாயடைத்துப் போகிறார்.

எழுத்தாளரின் சொந்தக் கருத்தையே ஒரு பாத்திரம் மடக்குகிறது, அவரும் அதை அடிக்காமல் விட்டிருக்கிறார்! இன்று மதியம் அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். புதிய நாவலில் அப்படி ஓர் இடத்தைத் தேடித் திரும்பப் புரட்டினேன். எதிர்க்கருத்து சொல்கிறவர்கள் உண்டு. ஒருவர் லஞ்சம் வாங்குகிறார், ஒருவர் மனைவியை அடிக்கிறார், ஒருவர் கோழை. ஒத்துப்போகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்.

இரண்டாம் நாவல் பற்றிக் கேட்டவருக்கு: அது முதலாவதைவிட நல்லது. மூன்றாவதும் பரவாயில்லை. நான்காவதிலிருந்துதான் இந்தச் சங்கடம்.

ஜனவரி 20

"அக்கா, அப்படியென்றால் நாவலில் யாரும் நீளமாகப் பேசவே கூடாதா?"

பேசலாம் தம்பி. ஜெயகாந்தனின் பாத்திரங்கள் பேசாத பேச்சா? டீக்கடையில், திண்ணையில், கோர்ட்டில், பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரும் சளைக்காமல் பேசுவார். வாயாடிகள் இரண்டு பேர் மோதிக்கொண்டால் நமக்குக் கேட்க ஆசையாக இருக்கும். ஒருவர் பேச, மற்றவர்கள் தலையாட்டினால் அது கூட்டம்.

ஜனவரி 22

இரண்டு நாளாக ஒரு விஷயம் மனதில் ஓடுகிறது. ஜெயகாந்தன் பெயர் வந்ததால் சொல்கிறேன்.

1966-இல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. மழையில் காரில் ஏறி ஏமாற்றப்பட்டு வரும் பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்வாள். வாசகர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு. அப்படி எந்த அம்மா செய்வாள் என்று கேட்டார்கள். அவர் என்ன செய்தார்? சரி, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று எழுதிப் பார்த்தார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது அந்த நாவல். கேள்வி கேட்டவர்களை அவர் திட்டவும் இல்லை, அவர்களுக்குப் பணியவும் இல்லை. அந்தக் கேள்விக்குள்ளேயே போய்ப் பார்த்தார்.

இப்போது அப்படி ஓர் எதிர்ப்பு ஒரு நாவலாசிரியருக்கு எங்கிருந்து வரும்? வாரப்பத்திரிகைத் தொடர் என்றால் ஆசிரியர் ஒருவர் இருந்தார், பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பினார். வாசகர் கடிதம் அடுத்த வாரமே வந்தது. இன்று ஒரு தமிழ் நாவல் எழுத்தாளரின் கணினியிலிருந்து நேராக வடிவமைப்பாளரிடம் போகிறது. நடுவில் மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர் இருந்தால் அதுவே அதிர்ஷ்டம். அவருக்கும் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்க்கத்தான் நேரம். ஜனவரிக் கண்காட்சிக்குள் புத்தகம் வந்தாக வேண்டும் என்று நவம்பர், டிசம்பரில் அச்சகங்களில் நடக்கும் ஓட்டத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் தோழி ஒருத்தி ராயப்பேட்டையில் பக்க வடிவமைப்பு செய்கிறாள். அந்த இரண்டு மாதம் அவள் வீட்டில் சமையலே கிடையாது. "இந்த அத்தியாயம் தேவையா சார்?" என்று அவளாலும் கேட்க முடியாது, அது அவள் வேலையும் இல்லை.

செம்மையாக்கம் செய்கிற ஓர் ஆள் இருந்திருந்தால் அந்த அரிசிக் காசு முதல் வாசிப்பிலேயே மாட்டியிருக்கும். அது சின்ன விஷயம். "இந்தக் கல்லூரிப் பெண்ணும் இந்தப் பாட்டியும் ஏன் ஒரே மாதிரி பேசுகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் அவர் யோசித்திருப்பார். அவருக்குக் காது உண்டு. முதல் மூன்று நாவல்கள் அதற்குச் சாட்சி.

ஜனவரி 22, இரவு

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பதிப்பகங்களை மட்டும் குறை சொல்வது சரியாகாது. ஆயிரம் பிரதி விற்றால் கொண்டாடும் சந்தையில் செம்மையாக்குநருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? தேவைக்கேற்ப அச்சடிக்கும் முறை வந்த பிறகு முதலில் முந்நூறு போட்டுப் பார்க்கலாம் என்கிற நிலைமை. அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணை வருமா வராதா என்று காத்திருக்கிறவர்களிடம் நான் இன்னும் செலவு செய்யுங்கள் என்கிறேன். ஆனால் விற்கிற எழுத்தாளர்களுக்காவது செய்யலாம். இவர் விற்கிறவர்.

ஜனவரி 27

நேற்று கே.கே. நகரில் ஒரு சின்ன அரங்கில் இந்த நாவலுக்குக் கூட்டம். போகலாமா வேண்டாமா என்று இருந்துவிட்டு, போனேன். பெரம்பூரிலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள்.

நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் மகத்தான படைப்பு என்றார்கள். ஒருவர் நாவலைப் படிக்கவில்லை என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது, முன்னுரையைத் தாண்டி ஒரு பெயரும் வரவில்லை. அப்புறம் கேள்வி நேரம். இருபது வயசுக்கு மேல் இருக்காது, ஒரு பையன் எழுந்தான். "சார், உங்களோடு உடன்படாத ஒரு நல்ல மனிதர் இந்த நாவலில் ஏன் இல்லை?" என்று கேட்டான். நான் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளாக உங்களிடம் நான் சுற்றிச் சுற்றிச் சொன்னதை அவன் ஒரு வரியில் கேட்டுவிட்டான்.

எழுத்தாளர் சிரித்தார். தான் யாருக்காக எழுதுகிறோம் என்பதில் தனக்குக் குழப்பம் இல்லை என்று சொன்னார். அரங்கம் முழுக்கக் கைதட்டல். அந்தச் சத்தத்தில் பையன் உட்கார்ந்துவிட்டான், மைக் அடுத்தவருக்குப் போய்விட்டது. ஆனால் கைதட்டல் முடிந்த பிறகும் அவர் பார்வை அந்தப் பையன் பக்கமே இருந்தது. அவன் இன்னொரு கேள்வி கேட்கட்டும் என்று காத்திருந்த மாதிரி எனக்குப் பட்டது. அடுத்து வந்தவர் கேள்வி கேட்கவில்லை, தன் ஊரில் இந்த நாவலை எப்படிக் கொண்டாடினார்கள் என்று சொன்னார்.

வீட்டுக்கு வரும்வரை கோபமாக இருந்தேன், அவர்மேல் இல்லை. கைதட்டியவர்கள்மேல். ஒரு நல்ல எழுத்தாளரைச் சுற்றி, அவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிற ஐம்பது பேர் வேலி மாதிரி நின்றால், அவருக்கு அந்தக் கிழவி எப்படிக் காதில் விழுவாள்?

ஜனவரி 28

அந்தப் பையன் இங்கேயே இருக்கிறார் என்று இன்றுதான் தெரிந்தது. தம்பி, நீங்கள் நினைத்த இரண்டாவது கேள்வியையும் எழுதிவிட்டீர்கள், நன்றி. அதை அவருக்கே தபாலில் அனுப்புங்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் பதிப்பகத்தின் முகவரி இருக்கிறது.

பிப்ரவரி 2

"இதற்குப் பதில் அவர் எழுதாமலே இருந்திருக்கலாம்" என்று மூன்று, நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

எழுதாமல் நிறுத்திய பெரியவர்கள் உண்டு. தாமஸ் ஹார்டி 1895-க்குப் பிறகு நாவல் எழுதவில்லை, முப்பது வருடத்துக்கு மேல் கவிதை எழுதினார். ஈ.எம்.ஃபார்ஸ்டர் 1924-இல் இந்தியாவைப் பற்றிய நாவலை வெளியிட்டுவிட்டு, 1970-இல் சாகும்வரை அடுத்த நாவலை வெளியிடவில்லை. ஜெயகாந்தனே கடைசிப் பல வருடங்கள் புனைவு எழுதியது மிகக் குறைவு. நாமெல்லாம் அவரிடம் ஏன் எழுதவில்லை என்று கேட்டு நச்சரித்தோமே தவிர, நிறுத்தியது நல்லது என்று யாரும் சொல்லவில்லை. எழுதினாலும் குற்றம், நிறுத்தினாலும் குற்றம் என்று அவர்களை நிற்கவைக்க எனக்கு இஷ்டமில்லை.

கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்வெஸ் விஷயமும் உண்டு. கடைசியாக எழுதிய நாவலை அழித்துவிடச் சொல்லியிருந்தார். அவர் இறந்து ஏறத்தாழ பத்து வருடம் கழித்து, 2024 மார்ச்சில், மகன்கள் அதை வெளியிட்டார்கள். தன் நாவல் தேறவில்லை என்று அவரே சொன்ன பிறகும் விடவில்லை நாம். அந்தப் புத்தகத்தைக் கண்காட்சியில் கையில் எடுத்து, வாங்காமல் வைத்துவிட்டேன். வாங்கியவர்களைத் தப்புச் சொல்லவில்லை. எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

உயிரோடு இருப்பவர் எழுதட்டும். எழுத எழுதத்தான் அடுத்த நல்ல நாவல் வரும். நான் எதிர்பார்ப்பதெல்லாம், அவர் மறுபடி ஒரு வரிசையில் போய் நிற்கட்டும். ரேஷன் வரிசைதான் வேண்டும் என்பதில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசை இருக்கிறது. ஆதார் திருத்தும் மையம் இருக்கிறது. அவரை யாருக்கும் அடையாளம் தெரியாத, அவரிடமே "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்று சொல்கிற ஒரு வரிசை.

பிப்ரவரி 3

ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் நாவல் எழுதத் தகுந்த சண்டைகளைப் பற்றி நீங்கள் எல்லாரும் எழுதியிருப்பதை ரசித்துப் படித்தேன். டோக்கன் தொலைந்த கதையை எழுதிய அம்மா, அதை விரித்துச் சிறுகதையாகவே எழுதுங்கள். உண்மையாகச் சொல்கிறேன். அதில் அந்தக் காவலாளி பேசுகிற இரண்டு வரி போதும், இந்தத் தொள்ளாயிரம் பக்கத்தில் எனக்குக் கிடைக்காதது அதில் இருக்கிறது.

பிப்ரவரி 9

இழையைத் தொடங்கியவர் திரும்ப வந்து கேட்டிருக்கிறார்: "இவ்வளவு குறை சொல்கிறீர்கள், அடுத்த நாவல் வந்தால் வாங்குவீர்களா?"

வாங்குவேன். பிப்ரவரிக்குப் பிறகு வாங்குவேன், கண்காட்சிக் கூட்டத்தில் கையெழுத்துக்கு நிற்க மாட்டேன். முதல் ஐம்பது பக்கத்தில் எழுத்தாளரோடு சண்டை போடுகிற ஒருவர் வந்துவிட்டால் மீதியை மகிழ்ச்சியாகப் படிப்பேன். வராவிட்டாலும் முழுதாகப் படித்துவிட்டு, இந்த முறை அவருக்கே எழுதுவேன். அரிசி விலை பற்றி ஏற்கெனவே எழுதிப் போட்டுவிட்டேன், அடுத்த பதிப்பில் திருத்தலாமே என்று. பதில் வரவில்லை, வர வேண்டும் என்றும் இல்லை.

பிப்ரவரி 15

கல்லூரியில் படிக்கும் மகளுக்கு இவருடைய எந்தப் புத்தகத்தை முதலில் கொடுப்பது என்று கேட்டு ஒரு வாசகர் தனிமடல் அனுப்பியிருந்தார். யார் என்று அவர் சரியாகவே ஊகித்திருந்தார். பெயரைத் தவிர்த்து இங்கேயே சொல்கிறேன், ஊகித்த மற்றவர்களுக்கும் உதவும்.

முதல் நாவலைக் கொடுக்காதீர்கள். இரண்டாவதைக் கொடுங்கள். அதன் பிறகு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வந்த சிறுகதைத் தொகுப்பைத் தேடுங்கள். அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை, அவரும் மேடையில் சொல்வதில்லை. ஓட்டேரியில் இரண்டு சகோதரிகள் ஒரே தையல் மிஷினுக்காகச் சண்டை போடும் கதை ஒன்று அதில் இருக்கிறது. எனக்கு அவர் எழுதியதிலேயே மிகவும் பிடித்தது அதுதான். இருவரும் கடைசிவரை சமாதானம் ஆக மாட்டார்கள். இருவர் பேசுவதும் நியாயமாக இருக்கும். புத்தகம் இப்போது அச்சில் இல்லை. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது, குறிப்புதவிப் பிரிவில் கேளுங்கள். வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.